பொன்னுச்சாமியின் ஹாலிவுட் வேஷம்

"என்ன வேஷம்னு இன்னும் சொல்லவே இல்லியே?" என்று நாகஜோதி மறுபடியும் கேட்டபோது, 'பிணம்' என்ற சொல் பொன்னுச்சாமியின் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அதை எப்படிச் சொல்வது? நாகஜோதிக்கு ஏழாம் மாதம். கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயக்கம் போட்டு விழுகிறவள். போதாக்குறைக்கு அவள் பேசிக்கொண்டிருந்தது ஊரில் அவளுடைய அண்ணன் கோபாலசாமியின் உரக்கடைப் போனில். துபாயிலிருந்து புருஷன் எது சொன்னாலும் அவள் அதை ஒரு தடவை சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். யூரியா வாங்க வந்தவர்களுக்கும் சேர்த்துச் செய்தி போய்விடும்.

"ஹீரோவுக்கு... கூட்டாளி," என்றான் பொன்னுச்சாமி.

"ஹீரோவுக்குக் கூட்டாளியாம்!" என்றாள் நாகஜோதி. கடைக்குள் யாரோ விசிலடித்தார்கள்.

கோபாலசாமி போனை வாங்கினார். "மாப்ள, நெசமாவா? துபாய் போயும் கம்பிதான் கட்டுறாருன்னு உங்களைப் பத்தி நாலு பேருகிட்ட நானே எளக்காரமாப் பேசியிருக்கேன். மனசுல வெச்சுக்காதீங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து மச்சான் வாயில் 'ங்க' வந்தது அதுதான் முதல் தடவை. அந்த 'ங்க'வைக் கேட்ட பிறகு, சொன்ன பொய்யைத் திரும்பப் பெற பொன்னுச்சாமிக்கு மனசு வரவில்லை.

வேஷம் கிடைத்த விதமே வேறு. போன வருஷம், அவன் லீவில் ஊருக்குப் போய்வருவதற்கு முன்னால், அவன் வேலை செய்த சைட்டில், பாதி கட்டிய கட்டடத்தில், ஒரு ஹாலிவுட் படத்துக்கு ஷூட்டிங் நடந்தது. உளவாளிக் கதை. ஹீரோ மாடிக்கு ஓடி வருகிறான், அங்கே ஒருவன் குண்டடிபட்டுக் கிடக்கிறான். கிடப்பதற்கென்று லண்டனிலிருந்து ஒரு நடிகரையே விமானத்தில் கொண்டுவந்திருந்தார்கள். ஜூன் மாத வெயிலில் சுட்ட சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுத்ததும் அவர் எழுந்து ஓடிப்போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். அடுத்து சைட்டில் வேலை செய்த பட்டாணியன் ஒருவனைப் படுக்கவைத்தார்கள். ஈ மூக்கில் உட்கார்ந்ததும் தும்மினான். அதற்கடுத்த ஆள் சிரித்துவிட்டான்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பியபோது, சாப்பாட்டு நேரம் முடிந்தும் எழுந்திருக்காமல் கம்பிக் கட்டுக்குப் பக்கத்தில் பொன்னுச்சாமி தூங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ஏழெட்டு ஈக்கள். ஓர் அசைவில்லை.

"அவன்தான்!" என்று கத்தினார் டைரக்டர்.

சட்டையில் சிவப்புச் சாயம் ஊற்றிப் படுக்கவைத்தார்கள். படுத்த சுகத்தில் பொன்னுச்சாமி மறுபடியும் தூங்கிவிட்டான். ஷூட்டிங் முடிந்து ஃபோர்மேன், "யல்லா, யல்லா, டூட்டிக்கு வாடே!" என்று காலைத் தட்டிய பிறகுதான் எழுந்தான்.

இதையெல்லாம் அவன் மறந்தே போயிருப்பான். முகம்மது ரிபாய்தான் விடவில்லை. துபாயின் தேராக் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்த ரிபாய்க்குச் சொந்த ஊர் கீழக்கரை. கடைக் கம்ப்யூட்டரில் ஹாலிவுட் செய்திகளைத் தேடிப் படிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமைகளில் பொன்னுச்சாமி தேராவுக்குப் போனால் செய்தி தயாராக இருக்கும்.

"அண்ணே, உங்க படத்து ஹீரோயினை மாத்திட்டாங்க. பழசு சரியா அழலையாம்."

"என்னைய மாத்தலியே பாய்?"

"உங்களை எப்படிண்ணே மாத்துவாங்க? உங்க மாதிரி அசையாம நடிக்க அமெரிக்காவுல ஆள் கிடையாது."

படம் வெளியானதும் ரிபாய் பொன்னுச்சாமி தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்புக்கே போன் போட்டார். "அமெரிக்காவுல வசூல்ல ஒண்ணாம் இடம்! தமிழ்லயும் பேச வெச்சு நம்ம ஊருக்கு அனுப்புறாங்களாம்!"

பொன்னுச்சாமி அதை அப்படியே ஊருக்குச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை ரிபாயோடு தேரா தியேட்டரில் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டான்.

நாலு சுவர் உயரத்துக்கு அவன் முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு முழுக்க ரத்தம். ஹீரோ குனிந்து அவன் தலையைத் தடவி, போர்வையை இழுத்து முகத்தை மூடினான். வயலின் அழுதது. பக்கத்து சீட்டு அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"மாஷா அல்லாஹ், என்னமா செத்திருக்கீங்க!" என்றார் ரிபாய்.

பொன்னுச்சாமிக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் ஊர் ஞாபகம் வந்தது. இதை நாகஜோதி பார்த்தால்? அவளுக்கோ, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிட்டால்? கோழி கழுத்துக்கே மயங்கி விழுகிறவள்!

வெளியே வந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டான்.

"ஜோதி, படம் சுமார்தான். தலைவலி. நீ போகாதே."

"சுமார்தானாம்ணே," என்று அவள் அண்ணனிடம் சொல்வது கேட்டது.

"பெரிய நடிகருங்க அப்படித்தாம்மா தன்னடக்கமாப் பேசுவாங்க," என்றார் கோபாலசாமி. "முதல் ஷோவுக்கே ஊரோட போறோம்."

மறுநாள் வேறு வழியை யோசித்து மறுபடியும் கூப்பிட்டான். "ஜோதி, இது பொம்பளைங்க பாக்கக்கூடிய படமே இல்ல. வெள்ளைக்காரிங்க அரைகுறை உடுப்புல வர்றாங்க."

"அரைகுறை உடுப்பா?" என்று அவள் கத்தினாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊர் இளவட்டங்களும் படத்துக்குப் போகிற டிராக்டரில் இடம் பிடித்துவிட்டார்கள். நாகஜோதியின் குரலும் மாறிப்போயிருந்தது.

"நீங்க நடிச்ச படத்துல அரைகுறை உடுப்போட யாரு வர்றான்னு நான் பாக்கணும். கட்டாயம் பாக்கணும்."

பொன்னுச்சாமி வேர்த்துப்போய் மச்சானிடமே பேசினான். "மச்சான், ஒரு கெட்ட சேதி. நான் வர்ற சீனை வெட்டிட்டாங்களாம். நீங்க போனாலும் என்னையப் பாக்க முடியாது."

"யாரு வெட்டுனது?"

"அது... கம்பெனியில."

"கம்பெனியாவது கிம்பெனியாவது! தியேட்டர்க்காரன் ரீலை மிச்சம் புடிக்க வெட்டியிருப்பான். நான் பாத்துக்கறேன் மாப்ள. நீங்க மனசு விடாதீங்க."

கோபாலசாமி அன்றைக்கே ஒரு வேன் நிறைய ஆட்களோடு டவுனுக்குப் போய்த் தியேட்டர் ஓனரின் மேஜையைத் தட்டினார். "எங்க மாப்ள வர்ற சீன் ஒரு இஞ்சு கொறஞ்சாலும் ஒரு பெஞ்சுகூட மிஞ்சாது!" ஓனர் நடுங்கிப்போய் வாசலில் பேனரே வைத்துவிட்டார்: 'நமது மண்ணின் மைந்தர் பொன்னுச்சாமி நடித்த ஹாலிவுட் படம். ஒரு காட்சி கூட வெட்டப்படாதது.'

இதைக் கேட்டு பொன்னுச்சாமி ரிபாயின் கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "பாய், நான் வாயைத் தொறக்கத் தொறக்க டிக்கெட்டுதான் விக்குது."

"எந்தத் தியேட்டர்ணே?" என்று கேட்ட ரிபாய் துள்ளி எழுந்தார். "அட, எங்க சாச்சி மவன் சுஐபுதான் அங்க ஆப்பரேட்டர்! இருங்க, நம்பர் தர்றேன்."

சுஐபு போனை எடுத்ததும் பொன்னுச்சாமி கெஞ்சினான். "தம்பி, இடைவேளை முடிஞ்சு ஒரு பொணம் வரும். அது நான்தான். அந்த நேரம் மட்டும் மெஷினு முன்னாடி கையை வெச்சு மறைச்சுடு. கரண்டு போனதாச் சொல்லிடு. எம் பொண்டாட்டி மாசமா இருக்கா தம்பி."

"கவலைய விடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்," என்றான் சுஐபு.

படம் ஊருக்கு வரவேண்டிய நாளில் பொன்னுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. கம்பியைக் கட்ட வேண்டிய இடத்தில் தன் சட்டை நுனியையும் சேர்த்துக் கட்டிவிட்டு ஃபோர்மேனிடம் திட்டு வாங்கினான். டூட்டி முடிந்து கேம்ப்புக்குள் நுழையும்போது போன் அடித்தது. நாகஜோதியின் விசும்பல் கேட்டது.

"ஜோதி! உனக்கு ஒண்ணும் இல்லியே? புள்ள..."

"புள்ளைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. அப்பன் லட்சணத்தைப் பாத்துட்டு உள்ளயே உதைக்குது!"

"நான் சொல்றதைக் கேளு..."

"என்னத்தைக் கேக்க? என் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கக் கூச்சப்படுற மனுசன், அந்தச் செவத்தப் பொண்ணு இடுப்பைப் புடிச்சுக்கிட்டுக் கூரைக்குக் கூரை தாவுறீங்களே!"

பொன்னுச்சாமி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். மச்சான் கடை நம்பர்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"நானா?"

"பின்ன யாரு? மீசைய எடுத்துட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா? நெறமும் கூடிருச்சு. மொதல்ல எனக்கே ஆளு மட்டுப்படல. அண்ணன்தான் 'அந்தா வர்றாரு எங்க மாப்ள!'ன்னு கத்துனாரு. அப்புறம் பாத்தா, அதே நடை!"

"ஜோதி, சத்தியமாச் சொல்றேன். நான் அந்தப் படத்துல பொணமா நடிச்சேன். வெறும் பொணம். நீ பயந்துருவேன்னுதான் கூட்டாளின்னு பொய் சொன்னேன்."

"சீ! மாசமா இருக்கறவகிட்டச் சொல்ற பேச்சா இது? கடைசி வரைக்கும் உசுரோட இருந்து, அவளைக் கூட்டிக்கிட்டுப் படகுல போனதை ஊரே பாத்துச்சு. அவகூடவே இருங்க!"

போன் கை மாறியது. கோபாலசாமியின் குரல் குழைந்து வந்தது. "மாப்ள, அவ கெடக்குறா, சின்னப் புள்ள. நான் சமாதானம் பண்ணிக்கறேன். ஒத்தக் கையால பத்துப் பேரைத் தூக்கிப் போட்டீங்களே, எனக்கு அழுகையே வந்துருச்சு. அடுத்த பாகம் எடுத்தாங்கன்னா எனக்கும் ஒரு சின்ன வேஷம் சொல்லுங்க."

பொன்னுச்சாமி கட்டிலில் உட்கார்ந்தான். தேரா தியேட்டரில் தான் தூங்கிவிட்டோமோ என்று யோசித்தான். தாவிய ஞாபகம் இல்லை. படகும் இல்லை. ஒருவேளை ஈக்களோடு தூங்கிய அந்த நேரத்தில் தன்னை வைத்து அவர்கள் என்னென்னவோ எடுத்துவிட்டார்களோ?

உடனே சுஐபைக் கூப்பிட்டான்.

"தம்பி, நீ செஞ்ச உதவியை மறக்கமாட்டேன். பொணத்தை அழகா மறைச்சுட்டே. ஆனா நான் கூரைக்குக் கூரை தாவுற சீன் எங்கேருந்துப்பா வந்துச்சு?"

"நான் எதையுமே மறைக்கலையேண்ணே," என்றான் சுஐபு. "படப்பெட்டி வந்து சேரல, வெளியே உங்க மச்சான் மாலையும் ஆளுமா நின்னாரு, பயந்துபோயி ஓனரு ஒரு பழைய சீனச் சண்டைப் படத்தை ஓட்டச் சொல்லிட்டாரு, நீங்க செத்துக் கெடக்குற படம் வர்ற வெள்ளிக்கிழமைதான் வருது, அதுக்கு ரெண்டாம் பாகம்னு இப்பத்தான் போஸ்டர் ஒட்டிட்டு வர்றேன்."