பாரீஸ் மாப்பிள்ளைக்கு, ஓடாத படகு விஷயமாக

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை இனியவன் அவர்கள் சமூகத்திற்கு, முதலியார்பேட்டையிலிருந்து தங்கள் மாமனார் ஹரிகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மாமியார் செல்வாம்பாளும், என்னுடைய வலது தோள்பட்டை நீங்கலாக, பூரண நலம். அங்கு தாங்களும், என் மகள் தாமரைச்செல்வியும், பேத்தி அபியும் பாரீஸ் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வீராம்பட்டினம் அம்மனை வேண்டிக்கொள்கிறோம். நிற்க. இல்லை, தாங்கள் நிற்கவேண்டாம், தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தாங்கள் போனில் "மாமா, படகு எப்படி இருக்கு?" என்று கேட்டவுடன், "இருக்கு மாப்ள, ஜம்முனு இருக்கு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அது பொய்யும் அல்ல. படகு இருக்கிறது. ஓடுகிறதா என்று தாங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடிதம் என்றால் தங்கள் குரலைக் கேட்கவேண்டியதில்லை, தைரியமாகச் சொல்லிவிடலாம். படகு ஓடவில்லை, மாப்பிள்ளை. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து ஓடவில்லை.

லீவில் வந்து, பிரெஞ்சு இன்ஜின் வைத்த இந்தப் படகை எங்களிடம் விட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது தாங்கள் காரில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாமா, இந்தப் படகை ஒரு வருஷம் ஓடுற நிலைமையில வச்சிருந்து காட்டுங்க. நம்ம ஊரு உப்புக்காத்தை இன்ஜின் தாங்குதுன்னா, நான் வேலையை விட்டுட்டுக் குடும்பத்தோட வந்து ஆத்துல படகு விடற தொழிலை ஆரம்பிச்சிடறேன். தாங்கலன்னா அங்கயே வீடு வாங்கிடறேன்" என்றீர்கள். தாங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பெத்த பொண்ணு ஊருக்கு வருதா இல்லையான்றது ஒரு இன்ஜின் கையில போயிடுச்சேன்னு ராத்திரி சோறு இறங்கலை. செய்யவேண்டியது என்னவோ கொஞ்சம்தான். வாரம் ஒரு தடவை இன்ஜினோட காலைத் தண்ணி டிரம்முக்குள்ள விட்டு, கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓட விடணும். பக்கவாட்டு ஓட்டையில தண்ணி பீச்சுச்சுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். அதன்படியே வீட்டுச் சந்தில் படகை டிரெய்லரோடு நிறுத்தி, வாரம் தவறாமல் ஓடவிட்டேன். தண்ணியும் பீச்சியது. "பச்சப்புள்ள ஒண்ணுக்குப் போறாப்ல இருக்குங்க" என்று தங்கள் மாமியார் தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். அவ்வளவு நன்றாக இருந்தது.

வினை பிடித்தது ஆயுத பூஜையில்தான். ஊரில் சைக்கிளுக்கும் கிரைண்டருக்கும் பூஜை போடும்போது, மாப்பிள்ளையின் படகுக்குப் போடாமல் இருக்கலாமா? தெருமுனைக் கோயில் பூசாரியைக் கூட்டிவந்து, சந்தனம், குங்குமம் வைத்து, ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, இன்ஜினுக்குச் சிவப்புக் கயிறு கட்டினோம். எலுமிச்சம்பழம் வைக்கும்போதுதான் தகராறு. வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றி நசுக்கலாம். படகுக்கு ஏது சக்கரம்? பூசாரி டிரெய்லர் சக்கரத்தைக் காட்டினார். "அது வண்டிக்குத்தான் ஆவும், படகுக்கு ஆவாது" என்று செல்வாம்பாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கடைசியில் டிரம்முக்குள்ளே இன்ஜினின் விசிறிக்கு அடியில் பழத்தைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினோம். பழம் நசுங்கியதோ இல்லையோ, சாறு முழுக்கப் பூசாரி கண்ணில் அடித்துவிட்டது. அவர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறு ஏதோ சொன்னார். ஆனால் இன்ஜின் அருமையாக ஓடியது. அன்று சாயங்காலம் உங்களுக்கு அனுப்பிய பார்சலில் மாங்காய் ஊறுகாய் ஜாடியும், கறிவடகமும் கட்டிக்கொண்டிருந்தபோது, "இன்ஜின்ல கட்டுன பூஜைக் கயித்தையும் கழட்டியாங்க, அபி கையில கட்டச் சொல்லலாம், புள்ளைக்குக் கண்ணு படாது" என்றாள் செல்வாம்பாள். நானும் போய்க் கழட்டிவந்து வைத்தேன். பார்சல் நல்லபடியாக வந்து சேர்ந்ததாகத் தாமரை சொன்னாள், சந்தோஷம்.

மறுநாள் காலை எதிர்வீட்டு மணியம்மாள் வந்து, "படகு ஜோராக்கீதே, ஓட்டிக் காட்டுங்களேன்" என்றது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். டுர்ர்ர் என்றது, நின்றது. திரும்ப இழுத்தேன். டுர்ர்ர். மணியம்மாள் நின்று நின்று பார்த்துவிட்டு, உலை கொதிக்குதென்று போய்விட்டது. "கண்ணு வச்சுட்டா பாவி" என்று செல்வாம்பாள் அப்பவே ஒரு பூசணிக்காயைச் சுத்தி நடுத்தெருவில் போட்டு உடைத்தாள். அதில் வழுக்கி விழுந்தது பால்காரர். இன்ஜின் கிளம்பலை.

அப்புறம்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம்ம தெரு சொல்தா, முசே நெடுமாறனிடம் போனேன். இன்ஜின் புத்தகம் முழுக்கப் பிரெஞ்சில்தானே இருக்கிறது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் முதலில் பிரெஞ்சில் சத்தமாக வாசித்து, தானே ரசித்து, பிறகுதான் தமிழில் சொன்னார். முதல் அத்தியாயமே பாதுகாப்பு. "இது சிவிலியனுக்கு எழுதினது. நான் பாலைவனத்துல டாங்கி ஓட்டினவன். தாண்டு" என்று அதை மொத்தமாகத் தள்ளிவிட்டு, நேராகப் பெட்ரோல் அத்தியாயத்துக்குப் போனார். பழைய பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும், மாத்து என்று அதில் இருந்ததாம். சரியென்று எல்லாவற்றையும் வடித்தோம். கெட்ட பெட்ரோலை வீணாக்க மனசில்லாமல் என் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஊற்றினேன். அது ஒரே உதையில் கிளம்பி வில்லியனூர் வரைக்கும் போய்விட்டு வந்தது. புதுப் பெட்ரோல் குடிச்ச இன்ஜின் டுர்ர்ர்னு சொல்லிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, மாப்ள.

அடுத்து பைக் மெக்கானிக் கலைவாணன் வந்தார். பிளக்கில் பொறியே வரலை என்று பிளக்கை மாத்தினார். புதுசிலும் பொறி வரலை. கார்புரேட்டரைக் கழட்டினார், அதுக்கு மேல இருந்ததைக் கழட்டினார், அதுக்குக் கீழ இருந்ததையும் கழட்டினார். எல்லாத்தையும் திருப்பி மாட்டினப்புறம் ஒரு கை நிறைய போல்ட் மிச்சம் இருந்துச்சு. "இது என்னாங்க?"ன்னு கேட்டேன். "கம்பெனிக்காரன் எப்பவும் கொஞ்சம் அதிகமாத்தான் போடுவான் சார், நீங்க பத்திரமா வச்சுக்கங்க"ன்னாரு. செல்வாம்பாள் அதை உப்பு டப்பாவில போட்டு வச்சிருக்கா. இதுக்கு நடுவுல இன்னொரு கொடுமை, நகராட்சித் தண்ணி வர்ற நேரத்துல பிடிக்கிற டிரம் அது ஒண்ணுதான். இன்ஜின் காலை அதுல ஊறவச்சிட்டு, நாங்க பக்கத்து வீட்டுல குடம் கேட்டு நிக்கிறோம். "உங்க மாப்பிள்ளை இன்ஜின் குளிக்குது, நான் குளிக்கலை"ன்னு செல்வாம்பாள் கத்துறது கதிர்காமம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு யாரோ ஒரு மகராசன் கிளப்பிவிட்டான், இது இழுக்கிற இழுப்பு பத்தாததாலதான் கிளம்பலைன்னு. அவ்வளவுதான், தெருவே கூடிடுச்சு. ஆளுக்கு ஒரு இழு. பால்காரர் இடுப்புக் கட்டோட வந்து இழுத்தார். கரெண்டு மீட்டர் பார்க்க வந்தவர் பையைக் கீழே வச்சிட்டு இழுத்தார். ஒரு மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் அந்தப் பக்கமா போச்சு, மாப்பிள்ளையே மாலையோட இறங்கி வந்து இழுத்துட்டுப் போனார். மேளக்காரங்க அதுக்கும் கெட்டிமேளம் கொட்டினாங்க. அவமானத்துல நானும் ஒரு வேகத்துல இழுத்தேன், தோள்பட்டை இடம் மாறிடுச்சு. ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் பொண்ணு, "என்ன பண்ணீங்க ஐயா?"ன்னு கேட்டுச்சு. "படகு ஓட்டினேம்மா"ன்னேன். "எங்க?"ன்னுச்சு. "வீட்டு வாசல்ல"ன்னேன். அது என்னை விட்டுட்டு செல்வாம்பாளைத் தனியா கூப்பிட்டு, "ஐயாவுக்கு இது எத்தினி நாளா?"ன்னு கேட்டுச்சாம்.

இதோட விட்டிருக்கலாம். நெடுமாறன் விடலை. "நீச்சல் தெரிஞ்சவனைத் தரையில நீந்தச் சொன்னா நீந்துவானா? இன்ஜினை ஆத்துல விடு, தானா கிளம்பும்"னு சொல்லி, குட்டியானை வண்டி பிடிச்சு, படகை அரியாங்குப்பம் ஆத்துக்குக் கொண்டுபோனோம். நான், நெடுமாறன், கலைவாணன் மூணு பேரும் ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்துல கால் ஜில்லுனுச்சு. பார்த்தா பின்பக்கம் அடியில, மழைத்தண்ணி வடியறதுக்குன்னு தாங்கள் திறந்து வச்சீங்களே, அந்த ஓட்டை வழியா ஆறே உள்ள வந்துக்கிட்டு இருக்கு. அதுக்குண்டான கறுப்பு ரப்பர் அடைப்பானைத் தேடினா காணோம். கலைவாணன் கட்டைவிரலை வச்சு அடைச்சாரு. நெடுமாறன் ராணுவத்துல சொல்லிக்கொடுத்த மாதிரி விறைப்பா எழுந்து நின்னாரு, அதுல படகு இன்னும் சீக்கிரம் முழுகிடுச்சு. தண்ணி என்னவோ இடுப்பளவுதான். வீராம்பட்டினத்து மீனவங்க ரெண்டு பேர் வந்து இழுத்துப் போட்டாங்க. "பெருசு, படகு தண்ணிக்கு மேல போவணும், இதுகூட தெரியாதா?"ன்னு ஒருத்தன் கேட்டான். அந்தப் பேச்சுதான், மாப்ள, தோள்பட்டையை விட வலிக்குது.

ஆகையால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கடலூர் ரோட்டில் புதிதாக ஓட்டல் போடும் ஒருவர், படகை வாசலில் நிறுத்தி ஐஸைக் கொட்டி மீன் அடுக்கப் போவதாகக் கேட்கிறார். இன்ஜின் ஓடுமா என்று அவர் கேட்கவே இல்லை, அது ஒன்றே எனக்குப் பெரிய ஆறுதல். வியாழக்கிழமை வந்து எடுத்துப்போகிறார். தாங்கள் வைத்த பரீட்சையில் நான் தோற்றுவிட்டேன். தங்கள் கோபமெல்லாம் என்மேல் இருக்கட்டும், தாமரையை ஒன்றும் சொல்லவேண்டாம். அது பாவம், அப்பாவுக்கு இன்ஜின் தெரியாதுன்னு அப்பவே சொல்லுச்சு. உங்க மாமியார் இன்னும் தினம் மாடி ரூமைப் பெருக்கித் துடைச்சு வைக்கிறா, யாருக்குடின்னு கேட்டா மூஞ்சைத் திருப்பிக்கிட்டு ஜன்னலைத் துடைக்கிறா. பேத்தியை போன்லயே பார்த்துக்கறோம், பழகிடுச்சு. பழகலை, ஆனாலும் பார்த்துக்கறோம்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், தாங்கள் பாரீஸில் வாங்கப்போகும் வீட்டிற்கு நல்ல காற்றும் வெளிச்சமும் அமையும்படி மனமார ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்,
ஹரிகிருஷ்ணன்.

பி.கு.: மேலே எழுதியுள்ள எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டாம். கவரை ஒட்டப் பசை தொட்ட நேரத்தில் தாமரை வீடியோ கால் போட்டாள். தாங்கள் வேலைக்குப் போயிருந்தீர்களாம். அபி வந்து கையை நீட்டி, "தாத்தா, என் சிவப்பு வளையல் பாரு, இழுத்தா நீளுது, விட்டா சுருங்குது" என்று காட்டியது. முனையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நெடுமாறன் எட்டிப் பார்த்துவிட்டு "மோன் தியே, கடவுளே!" என்று அலறி, தாண்டிப்போன பாதுகாப்பு அத்தியாயத்தைத் திறந்தார். முதல் பக்கம், முதல் படம், அபி கையில் இருக்கிற அதே கயிறு. ஒரு முனையை இன்ஜின் பட்டனுக்கு அடியில் மாட்டி, மறுமுனையை ஓட்டுகிறவர் கையில் கட்டிக்கொள்ளவேண்டுமாம். ஆள் தண்ணியில விழுந்தா அது பிடுங்கிக்கிட்டு இன்ஜின் நின்னுடுமாம். அது மாட்டலன்னா ஊரே சேர்ந்து இழுத்தாலும் கிளம்பாதாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பூசாரி கட்டிய நூல் இன்ஜின் கைப்பிடிக்குப் பின்னால் அப்படியே ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மில்லில் நூல் பிரிவிலேயே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். நூல் எது, கயிறு எதுன்னு தெரியாம மாத்திக் கழட்டி அனுப்பியிருக்கேன்.

ஆனால் மாப்பிள்ளை, மரியாதைக் குறைவாக நினைக்கக்கூடாது, ஒன்று கேட்கிறேன். தினம் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே தாங்கள் அபியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க? தங்கள் படகுக் கயிறு தங்களுக்கே தெரியலையா? சரி, போகட்டும். காணாமல்போன அடைப்பானும் அதே பார்சலில் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, அப்படியே தாமரையை ஃபிரிட்ஜைத் திறக்கச் சொன்னேன். ஊறுகாய் ஜாடி வாயில் கறுப்பா ஒரு ரப்பர். "மூடி லொடலொடன்னு இருந்துச்சு, படகுல சும்மா கிடந்ததை வச்சு அடைச்சேன். ஒரு சொட்டு எண்ணெய் சிந்துச்சா?" என்று கேட்கிறாள் தங்கள் மாமியார், குற்ற உணர்ச்சியே இல்லாமல்.

ஓட்டல்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உப்பு டப்பாவில் இருந்த போல்ட்டையெல்லாம் கலைவாணன் திரும்ப மாட்டிவிட்டார். எலுமிச்சைச் சாறு, கலைவாணன், ஆத்துத் தண்ணி எல்லாத்தையும் தாங்கின இன்ஜினுக்கு உப்புக்காத்து எம்மாத்திரம்? நம்பலன்னா வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஒரு பிளாஸ்டிக் துண்டை வெட்டி அந்தப் பட்டனுக்கு அடியில் செருகினால் இப்பவே கிளம்பிடும் என்று கலைவாணன் கத்தியோடு நிற்கிறார். கிட்ட வந்தீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டேன். கயித்தைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். கழட்டினா அபி அழுவாளாம், கழட்டவே வேண்டாம், கையோட கூட்டிட்டு வாங்க, ஊறுகாய் தீர்ந்திருந்தால் அந்த ரப்பரையும் எடுத்து வாங்க. நீங்க மூணு பேரும் வந்து மாட்டுற வரைக்கும், யார் வந்து இழுத்தாலும் இந்த இன்ஜின் ஓடாது, நான் ஓட விடமாட்டேன்.