பந்தலுக்குள் ஒரு வறட்சி

மழையில் நனையாமல் பாதுகாக்கப்பட்ட உலகின் முதல் வறட்சி, அஞ்சுகிராமம் பக்கம் நேசபாயின் வயலில்தான் இருந்தது. மற்ற நாடுகள் பொறாமையில் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

ரேஷன் அரிசி இலவசமான மறு ஆண்டு அது. ஆனியில் வரவேண்டிய மழை வரவில்லை. கால்வாய்த் தண்ணீரும் கடைமடையை எட்டிப் பார்க்கவில்லை. நேசபாயின் முதல் போகமான கன்னிப்பூ நெல் முழங்கால் உயரத்திலேயே கருகி, வயல் பாளம் பாளமாக வெடித்தது. ஊரே மனுக் கொடுத்தது. அரசு சும்மா இருக்குமா? 'காலநிலை மாற்றமும் உணவுப் பாதுகாப்பும்' பற்றி ஆராய உயர்மட்டக் குழு ஒன்றை உடனே அமைத்தது. குழுவும் 'உடனே' கிளம்பத் தயாரானது, ஐப்பசியில்.

ஆய்வுக்கான 'மாதிரி வயல்' என்ற பட்டம் நேசபாயின் வயலுக்குக் கிடைத்தது. ரோட்டோரம் இருந்ததால் குழுவினரின் ஷூவில் சேறு படாது என்று வேளாண் அதிகாரி வைகுண்டராஜன் தீர யோசித்துத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"சாறே, அடுத்த போகம் கும்பப்பூவுக்கு ஞாறு பாவி நிக்குது. முத்திப்போச்சுன்னா மாட்டுக்குத்தான் ஆவும். உழுது நட்டுரட்டா?" என்று நேசபாய் கேட்டாள்.

"எக்கா, உழுதா வெடிப்பு போயிருமே! பொறவு குழு எதப் பாக்கும்? ஊருக்குள்ள மொத்த நிவாரணமும் உங்க வெடிப்புலதான் இருக்கு."

ஊரின் பெயரைச் சொன்னதும் நேசபாய் உழவைத் தள்ளிவைத்தாள்.

மறுநாளே வானம் இருட்டிக்கொண்டு வந்து தூறத் தொடங்கியது. வைகுண்டராஜன் குடையோடு ஓடிவந்து, தான் நனைந்தபடி வயலுக்குக் குடை பிடித்தார். கடமை உணர்ச்சிக்கு எல்லை உண்டா?

"எக்கா, வறட்சி நனையுது!"

பந்தல்காரர் ஆபேலை அழைத்துவந்தார்கள். ஆபேல் வயலைச் சுற்றிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் போட்டிருக்கேன். சாவுக்குப் போட்டிருக்கேன். சர்ச் அசன விருந்துக்கும் போட்டாச்சு. வறட்சிக்குப் போடுகது இதாக்கும் மொதத் தடவ. வாசல்ல வாழை கெட்டணுமா சாறே?"

"மொதல்ல தார்ப்பாயைப் போடும் வே!"

தார்ப்பாய் விரிந்தது. சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரையும் வெளியேற்றினார்கள். அதன் பிறகு மழை வெளுத்து வாங்கியது. மேலிடத்திலிருந்து தகவல் வந்தது: 'கனமழை காரணமாக வறட்சி ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது.' மழை விடவில்லை. மறுபடியும் ஒத்திவைத்தார்கள்.

அக்கம்பக்கத்து வயல்களில் நட்ட பயிர் பச்சை கட்டியது. நேசபாயின் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே போனது. அவள் வைகுண்டராஜனைத் தேடிப் போனாள்.

"வயலுக்குப் பந்தல் போட்ட காசில அந்தக் குழுவுக்கு ஆளுக்கொரு குடை வாங்கிக் குடுத்திருந்தா எப்பமே வந்திருப்பாவல்லா?"

வைகுண்டராஜன் இந்த யோசனையைப் பரிசீலிப்பதாக உறுதியளித்தார்.

கார்த்திகைக் கடைசியில் குழு வந்தது. சென்னைக்காரரான தலைவர் குனிந்து பந்தலுக்குள் நுழைந்தார். வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்தபோது, நேசபாயின் மாடு நாற்றங்காலில் மேய்ந்துகொண்டிருந்தது.

"அடடா, இந்தப் போகமும் போயிடுச்சா?"

"ஆமா சார். காலநிலை மாற்றம்," என்றார் வைகுண்டராஜன்.

"கன்னிப்பூவ மழ வராம கெடுத்துது சாறே, ஒத்துக்கிடுதேன். கும்பப்பூவ நீங்க வாறியன்னு சொல்லித்தான் கெடுத்தாவ!" என்றாள் நேசபாய்.

அவள் பேசிய வேகத்தில் தலைவருக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. "அம்மா என்ன சொல்றாங்க?"

"நீங்க வந்ததில ரொம்ப சந்தோஷம்னு சொல்லுதாவ சார்."

தலைவர் நெகிழ்ந்து கும்பிட்டார்.

அறிக்கை வெளிவந்தது. சுற்றிலும் பச்சை தெரிந்ததால் ஊருக்கு நிவாரணம் இல்லை. வயலுக்கே பந்தல் போடும் வசதி தெரிந்ததால் நேசபாய்க்கும் இல்லை. 'வறட்சிப் பாதுகாப்பில் சிறந்த பணி' என்று வைகுண்டராஜனுக்கு மட்டும் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

மாசியில் ஊரெல்லாம் கும்பப்பூ அறுவடை நடந்தபோது, நேசபாய் ரேஷன் கடை வரிசையில் நின்றாள். பையில் விழுந்த அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"சுபிதா மக்கா, இது எந்த ஊரு அரிசி?"

"வடக்க எங்கயோ வெளஞ்சதாம் பெரியம்ம," என்றாள் எடை போட்ட சுபிதா.

நேசபாய் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"நல்லா வெளஞ்சிருக்கு. அங்க ஆய்வுக் குழு போவல்ல போலுக்கு."