பதினாறாவது துடுப்பில் அணைந்த பெயர்ப் பட்டியல்

மேடையைவிட்டு எப்போது இறங்க வேண்டும் என்று அறியாதவன் எவ்வளவு படித்திருந்தும் பயனில்லை. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அறியாதவர்களில் நானும் ஒருவன். எம்.இ. பட்டம் பெற்று, பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணுவியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அறியாதவன். இந்த ஒப்புதலை நானே முன்வந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் மனைவி கமலா இதே கதையைக் கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி சொல்லி வருகிறாள். அவள் சொல்லும் கதையில், ஓரிடத்தில் நான் அழுததாக வருகிறது. அது உண்மையன்று. வெல்லப் பாகின் ஆவி கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

என் மகளின் மாமனார் மாரியப்பன் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்பவர். பாகு கிண்டுவதற்குப் புதிய இயந்திரம் ஒன்று வாங்க அவர் எண்ணியபோது, அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையை நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டில் என் படிப்பை எடுத்துக்காட்ட அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது என்று தோன்றியது. அப்போது எனக்கு வயது அறுபத்து மூன்று. (இளமை வேகம், வேறென்ன!)

பலகை எப்படி விழிக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மின்சாரம் பாய்ந்த கணத்தில் அதற்கு ஒன்றுமே தெரியாது. எந்த வேகத்தில் ஓட வேண்டும், நினைவகம் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பியில் மோட்டார், எந்தக் கம்பியில் அடுப்பு என்பதையெல்லாம் சொல்லிக் கொடுப்பது, அந்தப் பலகைக்கென்றே எழுதப்படும் தொடக்க நிரல். அது கடிகாரத்தை முடுக்கி, நினைவகத்தைச் சுத்தம் செய்து, சீரான துடிப்பு ஒன்றை ஏற்படுத்தி, நிகழ்நேர இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிவிட வேண்டும். அதன் பிறகே துடுப்பைச் சுழற்றுவது, சூட்டைப் பார்ப்பது, தீயைக் குறைப்பது ஆகிய பணிகள் தத்தம் முறைப்படி நடக்கும். என் மாணவர்களுக்கு இதை ஓர் உவமையால் விளக்குவேன். விழா மேடையில் ஜமுக்காளம் விரித்து, மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும் மைக்செட்காரர்தான் தொடக்க நிரல். அவரே மைக்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புரை ஆற்றத் தொடங்கினால் விழா நடக்காது.

முப்பது ஆண்டுகள் இதைச் சொல்லிக் கொடுத்த நான், என் மைக்செட்காரரை வரவேற்புரை ஆற்ற வைத்தேன்.

பலகையில் சிறு திரை ஒன்று இருந்தது. இயந்திரம் விழித்ததும் "கீய்ங்" என்று ஒலி எழுப்பி, பெரியவர்களின் பெயர்களை அதில் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, பிறகு வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். பெயர்கள் முடியும்வரை வேறெதுவும் அசையக் கூடாது என்பதற்காக, அவற்றைத் தொடக்க நிரலிலேயே வைத்தேன். முதல் மூன்று வரிகள் இவை: "வடிவமைப்பும் ஆக்கமும்", "பேராசிரியர் அ. வைகுண்டநாதன் எம்.இ.", "மின்னணுவியல் துறைத் தலைவர் (ஓய்வு)". அவற்றுக்குப் பின்னர் சம்பந்தியும் அவர் மனைவி செல்வராணியும். வரிக்கு இரண்டு விநாடி. வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது குறையின்றி ஓடியது. என் பெயர் தோன்றிய இரண்டு விநாடியும் எனக்குப் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பலகையில் காவல் கடிகாரம் ஒன்றும் உண்டு. இயங்குதளம் உயிரோடு இருக்கிறது என்று யாராவது அதை அவ்வப்போது தட்டிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதினாறு விநாடிவரை ஒரு தட்டும் வராவிட்டால், நிரல் எங்கோ செத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டி, பலகையை முதலிலிருந்து எழுப்பிவிடும். இயங்குதளத்தின் பணி மட்டுமே அதைத் தட்ட வேண்டும்; வேறு எங்கிருந்து தட்டினாலும் அது ஏமாற்று வேலை என்பது என் கொள்கை. எவரும் அதை நிறுத்திவிடக் கூடாது என்று சிப்பிலேயே பூட்டியும் விட்டேன். (நானே நிறுத்தத் தவிப்பேன் என்று யார் கண்டது?)

தொடக்க விழா ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்கு மேல், பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பாகு இறக்கியாக வேண்டும். அன்று காலை ஏழு மணிக்குச் செல்வராணி அம்மையார் தொலைபேசியில் அழைத்தார்.

"சம்பந்தி, அத்தை பேரு, மவன் மருமவ பேரு எல்லாம் போட்டிருக்கீங்களா? எங்க அண்ணன் பேரு?"

அண்ணன் என்பது நாகலாபுரத்து அழகர்சாமி. என் மருமகனின் தாய்மாமன். என் மகளின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அச்சிட்டேன். அதில் தாய்மாமன் பெயர் எறும்பு எழுத்தில் கடைசி மூலையில் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அந்தப் பிணக்குக்கு என் மகள்தான் மாமியார் வீட்டில் பதில் சொல்லி வந்தாள். இன்னொரு முறை அவர் மனம் கோணினால் அவள் பாடு என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே விட்ட குறையை இந்த விழாவில் தீர்த்துவிட முடிவு செய்தேன். சிறப்பு விருந்தினர் கடைசியில் பேசுவதுதானே மரபு? நான்கு பெயர்களையும் சேர்த்து, அழகர்சாமியின் பெயரைப் பட்டியலின் முடிவில், பெரிய எழுத்தில் வைத்தேன். பலகையில் ஏற்றினேன். ஓட்டிப் பார்க்கவில்லை.

பட்டறையில் ஐம்பது பேருக்குக் குறையாது. அடுப்பைக் கையால் பற்றவைத்துப் பாகைக் கொதிக்க விட்டிருந்தார்கள். இருபது வருடமாகப் பாகு கிண்டும் பேச்சியம்மா, கைத்துடுப்போடு ஓர் ஓரமாக நின்றாள். அழகர்சாமி முன்வரிசையில், மடிப்புக் கலையாத வேட்டியில். "கடைசியில் பாருங்கள்," என்று அவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சம்பந்தி சுவிட்சைப் போட்டார். கீய்ங்! என் பெயர் வந்தது. சம்பந்தி பெயர் வந்தது, கைதட்டல். அம்மையார், மருமகன், என் மகள், சம்பந்தியின் தாயார். அடுத்து அழகர்சாமியின் பெயர் வர வேண்டும், அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். திரை இருண்டது. கீய்ங்! மறுபடியும் என் பெயர்.

இரண்டாம் முறையும் மரியாதைதான் என்று நினைத்துக் கூட்டம் மறுபடி தட்டியது. மூன்றாம் முறை சிலர் தட்டினார்கள். நான்காம் முறை ஓர் இருமல் மட்டும் கேட்டது.

"கரண்டு ஏறி இறங்குகிறது," என்று அறிவித்தேன். வேறு ஸ்டெபிலைசர் வந்தது. கீய்ங்! "வயரிங் சரியில்லை." வேறு பிளக். கீய்ங்! பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் மின்சாரத்தை இழுக்கிறது என்றும் சொன்னேன். அங்கே அன்று விடுமுறையாம்.

இயங்குதளம் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே துடுப்பு அசையவில்லை. பாகு அடிப்பிடிக்காமல் இருக்கப் பேச்சியம்மா கையால் கிண்டத் தொடங்கினாள். அழகர்சாமி எழுந்தார்.

"ஏன் சம்பந்தி, பத்திரிகையில எம் பேரு கண்ணுக்குத் தெரியாம இருந்துச்சு. இங்கன பேரே இல்ல. எல்லாரு பேரையும் ஏழு தடவ சொல்லுத மிஷினுக்கு எம் பேரச் சொல்ல மட்டும் நாக்கு கூசுதோ?"

"அப்படி இல்லீங்க, கடைசியில்..."

"கடைசியில பாருங்கன்னு நீங்கதானே சொன்னீய? பாத்துட்டேன்." செருப்பைத் தேடினார்.

"அண்ணே, இரிண்ணே," என்று அம்மையார் கெஞ்சினார். என் மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. மணி பத்தே கால்.

அப்போதுதான் பேச்சியம்மா, துடுப்பை நிறுத்தாமலே சொன்னாள்: "சாரு, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய. நான் எண்ணிக்கிட்டுதான் கிண்டுவேன், பாகுப் பதம் அப்பதான் தப்பாது. ஒவ்வொரு தடவயும் பதினாறாவது துடுப்புல திரை அமந்துபோவுது. கரண்டுன்னா அது இஷ்டத்துக்கில்லா போவும்? இது கணக்கா போவுதே!"

பதினாறு. அவள் கை விநாடிக்கு ஒரு துடுப்பு. நான் பூட்டிய காவல் கடிகாரம். என் மூன்று வரிக்கு ஆறு விநாடி. ஆறு பெயருக்குப் பன்னிரண்டு. பதினாறாவது விநாடியில், அழகர்சாமியின் பெயர் எழுதப்படவேண்டிய அதே கணத்தில், பலகை செத்துவிட்டதாக அது முடிவுகட்டிக்கொண்டிருந்தது. பாடம் நடத்திய எனக்குத் தெரியாதது, பாகு கிண்டியவளுக்குத் தெரிந்துவிட்டது. பட்டியல் நீண்டுபோனதை அவளிடமே ஒப்புக்கொண்டேன்.

"ரெண்டு மூணு பேரைக் குறைச்சாப் போதும், சாரு," என்றாள் பேச்சியம்மா.

யார் பெயரை? முதலாளி பெயரையா? அவரைப் பெற்றவர் பெயரையா? என் மகள் பெயரை எடுத்தால் மாமியார் வீட்டில் அதற்கு வேறு பொருள் வரும். நீக்கினாலும் கோபித்துக்கொள்ள ஆளில்லாதவை மூன்றே வரிகள். மடிக்கணினியை முழங்காலில் வைத்து, "வடிவமைப்பும்" என்பதிலிருந்து "(ஓய்வு)" வரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். (கமலா சொல்லும் அழுகை இந்த இடத்தில்தான். ஆவி, ஆவி!)

மணி பத்து இருபத்து மூன்று. சுவிட்சைப் போட்டார்கள். கீய்ங்! சம்பந்தி. அம்மையார். மருமகன். மகள். தாயார். பின்னர் திரை நிறைய: "நாகலாபுரம் தாய்மாமன் திரு. அழகர்சாமி". அந்தப் பெயர் அங்கே இருக்கும்போதே இயங்குதளம் எழுந்தது. கடகடவென்று துடுப்பு சுழன்றது. பேச்சியம்மா கையை எடுத்துக்கொண்டாள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

அழகர்சாமி ஒரு கணம் துடுப்பையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்தீயளா? எம் பேரு வந்த பொறவுதான் மிஷினே ஓடுது!" என்றவர், அன்று மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், என் இலையில் இருந்த அப்பளத்தையும் உரிமையோடு எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் கமலாவிடம், "என் பெயரையே தியாகம் செய்துவிட்டேன், கவனித்தாயா?" என்றேன்.

"அங்கன உங்க பேரு வேற இருந்துச்சா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்தபோது இன்னொன்று தெரிந்தது. பெயர்களுக்கு இடையே ஒரே ஒரு வரி எழுதிக் காவல் கடிகாரத்தைத் தட்டியிருந்தால், எல்லாப் பெயர்களும் இருந்திருக்கும். கொள்கை வழுவாமல் செய்வதென்றால், பெயர்களை இயங்குதளத்தின் ஒரு பணியாக எழுதியிருக்கலாம். துடுப்பும் சுழலும், பெயரும் ஓடும். மறுநாளே போய் மாற்றியிருப்பேன். ஆனால் அழகர்சாமி பெயருக்கு முன்னே துடுப்பு சுழன்றால் என்ன நடக்கும் என்று சோதிக்கும் துணிவு எனக்கில்லை. அந்தப் பட்டறையில் இன்றும் அவர் பெயர் வந்த பிறகே பாகு அசைகிறது.

இரு வீட்டிலும் இப்போது இதுவே வழக்கமாகிவிட்டது. மிக்ஸி ஓடாவிட்டால், கார் கிளம்பாவிட்டால், "அழகர்சாமி மாமா பேரைச் சொல்லிட்டு போடுங்க" என்கிறார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரமாகும். நான் சிரிப்பதில்லை, இணைப்புத் தளர்ந்திருக்கும் என்று அறிவியல்பூர்வமாக விளக்குவேன். யாரும் கேட்பதில்லை.

போன மாதம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் நின்றுபோனது. கமலா கடைக்குப் போயிருந்தாள். பியூஸைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், இணைப்பு ஒவ்வொன்றையும் இறுக்கினேன். அசையவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாகலாபுரம் தாய்மாமன் திரு. அழகர்சாமி" என்று முழு மரியாதையோடு சொல்லி, சுவிட்சைப் போட்டேன்.

மின்விசிறி சுற்றியது.