வாசல் கேட் திருட்டுப் போன விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், அவருடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் நீ வருவதாகச் சொன்னதும், இதை முன்னாலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீடு கட்டியபோது நீ ஆசையாகச் செய்து தந்தாயே இரும்புக் கேட், அதைப் போன மாதம் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் பால் எடுக்க வந்தேன், இரண்டு தூணும் மொட்டையாக என்னைப் பார்த்து நின்றன. எதிர்வீட்டுக்காரியைக் கேட்டால், "கேட் சத்தம் கேட்டுச்சுக்கா, அண்ணன் நடக்கக் கிளம்பிட்டார்னு திரும்பிப் படுத்துட்டேன்" என்கிறாள். உன் அத்தானாவது, விடியுமுன் நடக்கக் கிளம்புவதாவது.

இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். புகார் எழுதும் ஏட்டு பேனாவைத் திறந்து, "கேட் காணாமப் போச்சுன்னு எழுதிடலாம்மா. திருட்டுன்னு எழுதினா கேஸ், கோர்ட்டுன்னு நீங்கதான் அலையணும்" என்றார். உன் அத்தான் சரி என்று தலையாட்டப் போனார், நான் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். "ஏங்க, பர்ஸ்னா வழியில விழும். கேட் எப்படிங்க தொலையும்? கடைக்குப் போயிட்டு வழி மறந்துடுச்சா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்த இன்ஸ்பெக்டர் இருமுகிறாற்போலச் சிரித்துவிட்டு, "திருட்டுன்னே எழுதுய்யா" என்றார். அதோடு விட்டார்களா? கேட்டின் நிறம் என்ன என்று கேட்டதற்கு நான் பச்சை என்றேன், உன் அத்தான் நீலம் என்றார், அங்கேயே எங்களுக்குள் சண்டை வந்து, ஏட்டு தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்து, "பச்சை கலந்த நீலம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

ஆனால் ஒன்று தம்பி, நன்றாகத்தான் விசாரித்தார்கள். ஒரு இளவயசு போலீஸ்காரம்மா வந்து தூணைப் படம் எடுத்து, அக்கம்பக்கம் எல்லாரையும் கேட்டு, தெருமுனை மருந்துக்கடை கேமராவில் படுதா போர்த்திய ஒரு லோடு ஆட்டோவைக் கண்டுபிடித்து, நம்பரைப் பிடித்து, ஆளைப் பிடித்து, பழைய இரும்புக் கடைக்கே எங்களைக் கூட்டிப்போய்விட்டாள். அங்கே சுவரோடு சாத்தி வரிசையாகக் கேட்டுகள். பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. "இதுதான்" என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். உன் அத்தான், "நம்ம கேட்ல தாழ்ப்பாள் இந்தப் பக்கமா இருந்துச்சு?" என்று முனகினார். "சும்மா இருங்க, என் தம்பி கொடுத்த கேட் எனக்குத் தெரியாதா?" என்று அடக்கினேன். "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா, கோர்ட்டுக்குப் போற விஷயம்" என்று அவளும் சொல்லத்தான் சொன்னாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்றேன்.

கோர்ட்டில் எழுதிக் கொடுத்துக் கேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. சுவரில் சாத்தியிருக்கிறது, வெல்டிங்காரர் வந்ததும் மாட்டிவிடுவார். ஆகவே நீ மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வா.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். கொஞ்ச நாளாக அவருக்கு எல்லாமே விசாரணைதான்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறை ஒட்டுமுன் வெல்டிங்காரர் வந்துவிட்டார். இரண்டு தூணுக்கும் நடுவில் உள்ள இடத்தைவிடக் கேட் ஒரு முழம் அகலமாக இருக்கிறது. அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதே, அந்த வழியாகப் போன பின்தெரு வாத்தியார் சைக்கிளை நிறுத்தி, "இது எங்க வீட்டுக் கேட் ஆச்சே" என்றார். இப்போது ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். போலீஸ்காரம்மா போன் பண்ணி எங்களையும் வரச் சொல்லிவிட்டாள். நீ வரும்போது நாங்கள் இல்லாவிட்டால் அங்கேதான் இருப்போம். உள்ளே போய் உட்கார், வாசல் திறந்துதான் கிடக்கும்.