புருஷன் பேர் கேட்ட பேய்

வரப்போகிற ஆடி அமாவாசையோடு பெண்டாட்டியின் கடல் ஆசைக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிடுவது என்று வைரக்கண்ணு தீர்மானம் செய்தார்.

அவருக்கு இருந்த வியாதியை முதலில் சொல்லிவிட வேண்டும். பொறாமை. விக்கிரமங்கலத்தில் நல்ல நிலம், நல்ல மாடு, நல்ல பெண்டாட்டி. நிம்மதி மட்டும் கிடையாது. செங்கமலத்தின் கையை வளையல்காரன் தொடக் கூடாது என்று, அவள் மணிக்கட்டை நூலால் அளந்துகொண்டு அரியலூருக்குத் தாமே போய் வளையல் வாங்கி வருவார். ஒரு ஜோடியாவது அவள் கையில் ஏறியதில்லை. கல்யாணத்தன்று நாதஸ்வரக்காரர் மணப்பெண்ணைப் பார்த்து வாசித்தார் என்று இன்றுவரை அவரோடு பேச்சில்லை.

இப்பேர்ப்பட்டவரிடம், ஊர்ப்பட்ட ஆம்பளைகள் கூடுகிற கடற்கரையில் ஸ்நானம் செய்ய வேண்டும் என்று அவள் எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். யுத்தம் நடந்தவரை, "கடல்ல குண்டு போடுறான்" என்று தட்டிக்கழித்தார். யுத்தம் முடிந்துபோயிற்று. மறு ஆடி வந்துவிட்டது. சொல்வதற்குச் சாக்கு இல்லை.

அப்போதுதான் தரங்கம்பாடிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் ஒரு பழைய சத்திரத்தைப் பற்றிச் சந்தையில் கேள்விப்பட்டார். இருநூறு வருஷத்துக் கட்டடம். கட்டினவர் செத்தும் சத்திரத்தை விட்டுப் போகவில்லையாம். ஒரு ராத்திரி தங்கினவர்கள் மறு ராத்திரி தங்கியதில்லையாம்.

வைரக்கண்ணு துள்ளிக் குதித்தார். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னாலேயே போவது. முதல் ராத்திரியே அவள் அலறுவாள். விடிந்ததும் ரயிலேறிவிடலாம். அப்புறம் கடல் என்ற பேச்சை எடுப்பாளா?

சத்திரத்துக் காவல்காரர் பிச்சைமுத்து சாவியை நீட்டியபோது, வைரக்கண்ணு ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார்.

"ஏம்ப்பா, இங்க பேய் இருக்காமே?"

"இருக்குதுங்க ஐயா. சத்திரம் கட்டுன மொதலாளி. தங்கறவங்க சவுகரியமா இருக்காங்களான்னு ராத்திரியில வந்து பாப்பாருங்க."

செங்கமலம் கணவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். உள்ளே போய்ப் பாயை விரித்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். வைரக்கண்ணுதான் அலை அடித்த சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் போர்வையைத் தலையோடு கால் இழுத்து மூடிக்கொண்டார்.

காலையில் ஆவலோடு கேட்டார்.

"ராத்திரி பயந்துட்டியா புள்ள?"

"எதுக்குங்க பயம்? நல்ல மனுஷரு. விடிய விடிய விசிறினாரு."

"யாரு?"

"அதான், சத்திரத்துக்காரரு. 'புழுக்கமா இருக்காம்மா'ன்னாரு. நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

வைரக்கண்ணு போர்வையை உதறித் தள்ளினார்.

"கெழவனா?"

"சின்ன வயசுதாங்க. நல்ல செவப்பு. ஊரு கேட்டாரு, சொன்னேன். பேரு கேட்டாரு, சொன்னேன். புருஷன் பேரு என்னன்னாரு. அதை எப்படி வாயால சொல்றது? தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

"அடிப்பாவி! புருஷன் இல்லைன்னுல்ல நெனைச்சிருப்பான்!"

"அப்படித்தான் நெனைச்சாரு போல. 'த்சோ த்சோ'ன்னாரு."

"மூக்குத்தி வைரத்தைத் தொட்டுட்டு, கண்ணைத் தொட்டுக் காட்டியிருக்கலாமுல்ல? மாரியம்மன் கோயில்ல பூசாரி கேட்டா அப்படித்தானே காட்டுவே?"

"இருட்டுல எங்கங்க தெரியும்?"

"நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்?"

"போர்வைக்குள்ள கெடந்தீங்க. ஏதோ மூட்டைன்னு நெனைச்சுட்டாரு. உங்க மேல ஒக்காந்துதானே விசிறினாரு!"

வைரக்கண்ணு நெஞ்சைத் தடவிப் பார்த்தார். ராத்திரி கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது.

"கெளம்பு. இப்பவே ஊருக்குப் போவோம்."

"போவலாம். ஆனா அமாவாசை ஸ்நானம் பண்ணாமப் போனா, கூடவே வூட்டுக்கு வந்துடுவேன்னாரு. அப்புறம் உங்க இஷ்டம்."

வீட்டுக்கு ஒரு சின்ன வயசுக்காரன், அதுவும் செவப்பாக! வைரக்கண்ணு அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்டவில்லை.

அன்று ராத்திரி அவர் போர்வையைத் தொடவே இல்லை. விளக்கைத் தூண்டிவிட்டு, பெண்டாட்டியின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பனைவிசிறியால் விசிறு விசிறு என்று விசிறினார். "அவன் ஒருத்தன்தான் விசிறுவானா? நானும் விசிறுவேன்" என்று கூரையைப் பார்த்து வேறு கத்தினார். இந்தக் கை ஓய்ந்தால் அந்தக் கை. செங்கமலம் குழந்தை மாதிரி தூங்கினாள். பேய்க்கு இடமே கொடுக்கவில்லை என்ற பெருமையோடு, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அவர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார்.

விழித்தபோது வெயில் முதுகில் சுட்டது. எதிரே செங்கமலம் நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. புடவை முழுக்க மணல். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"எங்கே போயிருந்தே?"

"கடலுக்குத்தாங்க. நீங்க தூங்கினீங்க, எழுப்ப மனசு வரலை. என்னா அலைங்க! ஒம்பது முழுக்கு போட்டேன்."

"அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுலயா?"

"கடலைப் பாத்தேன். கரையில யாரு இருந்தாங்கன்னு யாரு பாத்தா?"

வைரக்கண்ணுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டு வருஷம் கட்டிக் காத்தது ஒரு தூக்கத்தில் போயிற்று. மூட்டையைக் கட்டி, அவளை இழுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனார். ரயில் நகர்ந்து, சத்திரமும் கடலும் மறைந்த பிறகுதான் கொஞ்சம் தெம்பு வந்தது.

"எப்படியோ, அந்தப் பய தொலைஞ்சான். ஸ்நானம் பண்ணியாச்சு. இனிமே அவனுக்கு நம்ம வூட்டுல வேலை இல்லை."

செங்கமலம் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. வழியனுப்புறேன்னு அரியலூர் வரைக்கும் வராரு. உங்க பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு."

வைரக்கண்ணு விசிறியைக் கையில் எடுத்தார்.