எங்கள் ஊருக்குப் புகை வழங்கப்பட்ட வரலாறு

காற்றாலை என்பது நாட்டின் புகையைக் குறைப்பதற்கும் கிராமத்தின் வாழ்வை உயர்த்துவதற்கும் நிறுவப்படும் சாதனமாகும். இதை நான் சொல்லவில்லை. எங்கள் ஊர் மேட்டில் நட்டிருக்கிற பலகை சொல்கிறது. பலகைக்குப் பின்னால் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன, நன்றாகவே சுற்றுகின்றன. அவற்றின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காற்று பாவம், வேலைக்கு நேரத்தோடு வருகிறது, யாரையும் 'நாளைக்கு வா' என்று அலைக்கழிப்பதில்லை.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. அந்த மின்சாரம் தடித்த கம்பியில் ஏறி, எங்கள் கூரைகளுக்கு மேலாகவே நகரத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் ஊரில் எரிகிற ஒரே மின்விளக்கு, காற்றாலையின் உச்சந்தலையில் இருக்கிற சிவப்பு விளக்குதான். விமானம் வந்து முட்டிவிடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

நான் தையல்காரன். காலால் மிதிக்கிற மெஷின் என்பதால் கரண்ட் இல்லாமல் என் பிழைப்பு ஓடிவிடும். ஓடாதது நர்ஸம்மாவின் பிழைப்பு. ஊர்ப் பிரசவமெல்லாம் அவர் கையில்தான். பிரசவ அறை என்றால் ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அந்த அறையில்தான் என் தங்கச்சியின் முதல் குழந்தை தவறிப்போனது. "வெளிச்சம் மட்டும் இருந்திருந்தா..." என்று நர்ஸம்மா ஆரம்பிப்பார். முடிக்க மாட்டார். இப்போது தங்கச்சி மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

அதனால் நர்ஸம்மா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காற்றாலைக் கிராம நல அலுவலகத்துக்குப் போனார். பச்சைச் சுவர், பச்சைத் திரை, பச்சை நாற்காலி. ஜன்னல்களை மட்டும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். காற்று வந்தால் காகிதம் பறக்கிறதாம்.

"ஒரே ஒரு லைன் குடுத்தாப் போதும் சார். காத்தாடி எங்க வாசல்லதான் நிக்குது," என்றார் நர்ஸம்மா.

"தாராளமா குடுக்கலாம்மா," என்றார் நல அலுவலர். "கிராம நலன்தான் எங்க உயிர்மூச்சு. ஆனா காற்றாலையால எந்த ஊர்ல புகை குறைஞ்சிருக்கோ அந்த ஊருக்குத்தான் லைன். உங்க ஊர்ல எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"எங்க ஊர்ல புகையே கிடையாதே சார்."

அலுவலரின் முகம் வாடிவிட்டது. "அடடா," என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். "காரு, லாரி ஏதாவது?"

"இல்ல சார்."

"மில்லு? சூளை?"

"இல்ல சார். அடுப்புப் புகை இருக்கு, விளக்குப் புகை இருக்கு."

"அதெல்லாம் சில்லறைப் புகைம்மா. கணக்குல வராது. இல்லாததை எப்படிக் குறைக்கிறது? நீங்களே சொல்லுங்க."

நாங்கள் யோசித்துப் பார்த்தோம். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அரசு அலுவலகத்து ஏசிக் குளிரில் உட்கார்ந்தால் எதுவும் நியாயமாகத்தான் படும்.

இருந்தாலும் அலுவலர் இரக்கமுள்ள மனிதர். எங்காவது ஒளிந்திருக்கிற புகையைக் கண்டுபிடிக்க, கணிப்பாளர் ஒருவரைப் புகை அளக்கும் பெட்டியோடு அனுப்பிவைத்தார். கணிப்பாளர் தெருத்தெருவாகப் பெட்டியை நீட்டினார், கோழிக்கூட்டையும் விடவில்லை. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மூச்சுதாங்க வருது," என்றார்.

"யாரு மூச்சு?" என்று கேட்டார் என் மச்சான், தங்கச்சி புருஷன்.

"உங்க எல்லாரு மூச்சும்தான். நீங்க மூச்சு விடுறதுதான் இந்த ஊரோட மொத்த உமிழ்வு."

மச்சான் பயந்துபோனார். "அதைக் குறைக்கணுமா சார்?"

"இப்போதைக்கு விதியில அப்படி எதுவும் இல்ல. இன்னிக்கு இருக்கிற தலைகளுக்கு அனுமதி உண்டு. புதுசா எந்த உமிழ்வு மூலத்தையும் ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அதற்கப்புறம் மேலிடத்தில் பல கூட்டங்கள் நடந்து, ஓர் அரிய முடிவு எடுக்கப்பட்டது. புகை இல்லாத ஊர்களுக்கு முதலில் புகை வழங்குவது. வழங்கிய புகையைப் பிறகு காற்றாலையின் பேரால் குறைப்பது. குறைத்த ஊருக்குப் பரிசும் லைனும் கொடுப்பது. இத்திட்டத்தின் கீழ், ஒரு பெரிய டீசல் ஜெனரேட்டர் லாரியில் வந்து இறங்கியது. பொதுமக்கள் நலன் கருதி அதைப் பிரசவ அறை வாசலிலேயே வைத்தார்கள்.

நர்ஸம்மா சட்டென்று ஒரு ஒயரை இழுத்து அறைக்குள் பல்பு மாட்டிவிட்டார். யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது புகை. வெளிச்சம் அதன் கழிவு. அந்தக் கழிவில் மண்வெட்டிக்காரர் மருமகளுக்கு ஒரு பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நர்ஸம்மா தையல் போடும்போது ஊசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரே தடவையில் நூல் கோத்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன். ஊசியோடு பிழைக்கிறவன், அதனால் எனக்கு அது புரியும். கண் கலங்கிவிட்டது. அதில் கொஞ்சம் புகையும் சேர்த்திதான்.

மச்சானுக்கு அந்த ஜெனரேட்டரில் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் புகைப் பராமரிப்பாளர். மாடு மேய்த்த மனிதர் மறுநாளே சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நடந்தார். "புகை குறைஞ்சுதுன்னா மேலிடத்துக்கு நான்ல பதில் சொல்லணும்," என்பார். ஊரும் சும்மா இருக்கவில்லை. "மேலத் தெருவுக்குப் போற புகை எங்க தெருவுக்கு ஏன் வரல? நாங்க என்ன இளிச்சவாயங்களா?" என்று கீழத் தெரு சண்டைக்கு வந்தது. இருமல் இல்லாத வீட்டை ஊர் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தது.

புகை நன்றாக முற்றிய பிறகு அலுவலர் வந்தார், மண்வெட்டிக்காரர் பேத்தியையும் சேர்த்துத் தலைகளை எண்ணி எழுதிக்கொண்டார். ஆளுயரத்துக்குக் கறுப்பாகிவிட்ட சுவரைத் தடவிப் பார்த்து, "பிரமாதம். இனி குறைச்சிடலாம்," என்றார். ஆட்கள் ஜெனரேட்டரை லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

நர்ஸம்மா குறுக்கே நின்றார். "லைனைக் குடுத்துட்டு மெஷினை எடுங்க சார். இவளுக்கு நாள் நெருங்கிடுச்சு," என்று என் தங்கச்சியைக் காட்டினார்.

"மெஷினை எடுத்தாத்தான் புகை குறையும். குறைஞ்சாத்தான் பரிசு. பரிசு வந்தாத்தான் லைன். நீங்களே குறுக்க நின்னா எப்படிம்மா?"

"அதுவரைக்கும் இருட்டுல நான் என்ன செய்றது?"

"விழா வரைக்கும் பிரசவத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்க முடியாதா?"

நர்ஸம்மா அவரையே பார்த்தார். பிறகு காற்றாலை உச்சியைப் பார்த்தார். "வானத்துல போறவனுக்கு லைட்டு. இங்க வந்து பிறக்கிறவனுக்கு இருட்டு. நல்லா இருங்க," என்று உள்ளே போய்விட்டார்.

விழா நெருங்கியது. எல்லாரும் பச்சை உடுத்த வேண்டும் என்று உத்தரவு வந்ததால் எனக்குக் கொள்ளை வேலை. அமைச்சருக்குக் கரும்பச்சை, அலுவலருக்கு இலைப்பச்சை, கணிப்பாளருக்கு வெளிறிய பச்சை. தப்பித்தவறி ஒரு குமாஸ்தாவுக்கு இலைப்பச்சையில் தைத்துவிட்டேன். அதைப் பிரிக்கச் சொல்லி விளக்கம் கேட்டார்கள். நகரத்திலிருந்து வந்த இளசுகள் காற்றாலைக்கு முன்னால் துப்பட்டாவைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆடுகளையும் பச்சைத் துணி போர்த்தி நிறுத்தினார்கள். ஆடுகள் துணியைத் தின்றுவிட்டன.

அமைச்சர் வரத் தாமதமாகி இருட்டிவிட்டது. மேடைக்குப் பின்னால் ஒரு லாரியில், பழையதைவிடப் பெரிய ஜெனரேட்டர் உறுமியது.

"இந்தப் புகை?" என்று கேட்டேன்.

"இது விழாப் புகை. வேற துறை," என்றார் கணிப்பாளர்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சிக்கு வலி எடுத்தது. நர்ஸம்மா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. நாலு பெண்களை வைத்துக் கட்டிலோடு தூக்கிவந்து, மேடையின் பின்திரைக்குப் பின்னால், லாரியை ஒட்டி எரிந்த பல்புக்குக் கீழே இறக்கினார். "வெளிச்சம் எங்க இருக்கோ அங்கதான் பிரசவம்," என்றார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மேடையில் மச்சான், நான் தைத்த பச்சைச் சட்டையில், கேடயம் வாங்கத் தயாராக நின்றார். நூறு சதவீதம் குறைத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக அலுவலர் வாக்குக் கொடுத்திருந்தார். "இவ்வூர் தனது புகையை முற்றிலும், அதாவது நூறு சதவீதம்..." என்று அலுவலர் மைக்கில் முழங்கிக்கொண்டிருக்கும்போது, திரைக்குப் பின்னாலிருந்து குழந்தை வீரிட்டது. நல்ல குரல், மைக்கையே மிஞ்சியது.

நான் அழுதுவிட்டேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்று நர்ஸம்மா சொன்னது காதில் தேனாக விழுந்தது. ஆனால் மேடையில் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்திருந்தது. கணிப்பாளர் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு கூடிடுச்சு சார்."

"என்ன கூடிடுச்சு?" என்றார் அமைச்சர்.

"புதிய உமிழ்வு மூலம் சார். ஆண்."

கேடயம் பாதி வழியில் நின்றது. கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. நூறு சதவீதம் போனால் பரிசு போச்சு, பரிசு போனால் லைன் போச்சு, மச்சானின் வேலை போச்சு. பெண்டாட்டியைப் பார்க்க ஓட வேண்டிய மனிதர், அலுவலரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்து வந்திருக்கலாம் சார், விவரம் தெரியாத பய. அதுக்கென்ன, அவன் மூச்சுக்குப் பதிலா நான் என் மூச்சை நிறுத்திக்கிறேன்."

கணிப்பாளர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "டேலி ஆகுது சார்," என்றார்.

மச்சான் கன்னத்தை உப்பிக்கொண்டார். கேடயம் நகர்ந்தது. ஆனால் அமைச்சர் பேச ஆரம்பித்துவிட்டார், அமைச்சர் பேச்சை யாரால் குறைக்க முடியும்? மச்சான் முகம் சிவந்து, பிறகு நீலம் பாய்ந்தது. அவர் சரிந்து விழுவதற்கு முன் மண்வெட்டிக்காரர் மேடைக்குத் தாவி, "இனி நான்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் பின் டீக்கடைக்காரர், அவருக்குப் பின் கீழத் தெரு மொத்தமும் முண்டியடித்தது. லைன் வரப்போகிறதே என்று நர்ஸம்மாவும் ஒரு சுற்று அடக்கினார். ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா?

கேடயம் இப்போது பிரசவ அறை அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. லைன் கேட்டு நர்ஸம்மா மறுபடியும் போய் வந்தார். நூறு சதவீதத்தை நிரந்தரமாகக் காப்பாற்றிக் காட்டினால் ஆவன செய்யப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். கணிப்பாளர் எந்த நேரமும் பெட்டியோடு வந்துவிடுவார். ஆகவே ஊர் கூடி முறை வைத்திருக்கிறோம். எந்நேரமும் யாராவது ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். மருமகன் கொழுகொழுவென்று வளர்கிறான், ஊரான் வீட்டு மூச்சை விட்டுக்கொண்டு. அடுத்த தெருவில் இன்னும் இரண்டு பெண்களுக்கு நாள் நெருங்குகிறது. அதற்கு இப்போதே பழகிக்கொள்ளச் சொல்லி மச்சான் வீடுவீடாகப் போய் வருகிறார். அவர் பதவி இப்போது மூச்சுப் பராமரிப்பாளர், நிரந்தரம்.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மச்சான் வாசலில் வந்து நின்று கையைக் காட்டுகிறார். என் முறை வந்துவிட்டது.