மஞ்சக்கார்டு அண்ணனின் ஏழு தொட்டிகள்

எள்ளளவு பூச்சியை ஒழிக்க ஒரு தேயிலைத் தோட்டத்தையே கலங்கடித்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். ஏலப்பாறைப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்த மஞ்சக்கார்டு அண்ணன்!

ஆபீஸ் ஜன்னலோரம் ஏழு பூந்தொட்டி வைத்திருந்தார். பெற்ற பிள்ளை தோற்றது போங்கள், அப்படி ஒரு கொஞ்சல். அந்த மண்ணிலிருந்து கறுப்பாகக் குட்டிப் பூச்சிகள் கிளம்பி, ஒரு திங்கட்கிழமை மானேஜர் துரையின் டீயில் ஒன்று விழுந்து தொலைத்தது.

"சனிக்கிழமை நான் வரும்போது இன்னொண்ணு விழுந்தா, ஏழு தொட்டியும் ஓடையில!" என்றார் துரை.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஐந்தே நிமிடம்தான். ஆபீஸின் மஞ்சள் ஃபைல் அட்டைகளையெல்லாம் வெட்டி, விளக்கெண்ணெய் தடவி, செடிக்குச் செடி தொங்கவிட்டார். "மஞ்சளைக் கண்டா பறந்து வந்து ஒட்டும், பாரு தம்பி!" ஒட்டியது. பூச்சி நாற்பது, என் சட்டைக் கை இரண்டு. அவருக்கு மஞ்சக்கார்டு என்ற பெயர் வந்ததும் அன்றுதான்.

மறுநாள், மண்ணுக்குள் இருக்கிற பூச்சியின் புழுக்களை மேலே இழுக்க உருளைக்கிழங்கு வில்லைகளை வைத்தார். அதற்கு மறுநாள் அவற்றைப் புரட்டி, "ஏ, புழு வந்திருக்கு! புழு!" என்று லாட்டரி விழுந்தவர் மாதிரி குதித்தார்.

தண்ணீரையும் நிறுத்தினார். ஈரம் இருக்கிறவரை புழு இருக்குமாம். ஆறு தொட்டியில் மண் காய்ந்தது, பிகோனியாச் செடி இருந்த ஏழாவது தொட்டி மட்டும் காயவில்லை. அண்ணன் முன்பு பாக்டரியில் டீ ருசி பார்க்கும் அறையில் வேலை செய்தவர். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மோந்தார்.

"இஞ்சி டீ. சீனி கம்மி."

ஆபீஸே என்னைத் திரும்பிப் பார்த்தது; அங்கே சீனி கம்மியாகக் கேட்கிறவன் நான் ஒருவன்தான். தேயிலைத் தோட்டத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஆபீஸ் டீயை வாயில் வைக்க முடியாமல் தினமும் பாதியை அதில் கவிழ்த்தவன் நான்தான்!

"எங்கிட்ட தந்திருந்தா நான் குடிச்சிருப்பேம்லா தம்பி," என்றார். அதோடு சரி. வெள்ளிக்கிழமை முழுக்க அந்தத் தொட்டி பாக்டரி மாடியில், கொழுந்து வாட்டுகிற காற்றாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. பிறகு, பூச்சி மறுபடி முட்டையிடாதபடி ஏழு தொட்டியிலும் மேலே மணல் பரப்பினோம்.

சனிக்கிழமை துரை வந்தார். டீயும் வந்தது. ஒரு பூச்சியைக் காணோம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒன்று பறந்து வந்து கப்பில் இறங்கியது! நல்லவேளை, துரை போனில் பேசிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். நான் பாய்ந்து போய்க் கப்பை எடுத்து, பூச்சியோடு ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

"ஆறிப்போச்சு சார். வேற கொண்டாரேன்."

தொட்டிகள் தப்பின. ரிட்டயராகிப் போகும்போது அண்ணன் அந்தப் பிகோனியாவை என்னிடம் கொடுத்தார். தினமும் மண்ணில் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீர் விடுகிறேன். டீயை மட்டும், எவ்வளவு மோசமாக இருந்தாலும், கடைசிச் சொட்டுவரை நானே குடித்துவிடுகிறேன். அண்ணன் முகம் அன்றைக்கு வெளுத்ததை நினைத்தால், கவிழ்க்க மனசு வருவதில்லை.